ஜப்பான் இரும்பு கெட்டில் மேல இருக்குற டிசைனை எப்படி படிக்கிறது

என்கிட்ட இருக்குற இரும்பு கெட்டில்ல ஒரு பக்கம் அஞ்சு இதழ் பூவும் கிளையும் இருக்கு. ஜப்பான்னா சகுரா தானேன்னு ரொம்ப நாள் வீட்டுக்கு வர்றவங்க கிட்டலாம் சகுரான்னே சொல்லிட்டு இருந்தேன். ஒரு நாள் காலைல ஜன்னல் பக்கத்துல வச்சு துடைக்கும்போது வெயில் பக்கவாட்டுல விழுந்துச்சு, அப்பதான் இதழ் நுனிய ஒழுங்கா பாத்தேன், உருண்டையா இருக்கு, எங்கயுமே வெட்டு இல்ல. சகுரா இதழ்னா நுனில சின்னதா ஒரு வெட்டு கட்டாயம் இருக்கும். இது உமே, அதாவது ப்ளம் பூ. சகுரா சொல்றது கொஞ்ச நாள் பூத்து உதிர்ந்து போறத பத்தி, உமே சொல்றது பனி இன்னும் போகாதப்பவே தைரியமா முதல் ஆளா பூக்குறத பத்தி. ரெண்டும் கிட்டத்தட்ட எதிரெதிர் விஷயம், ஒரு இதழ் நுனில மொத்த அர்த்தமும் மாறிடுச்சு.

அதுலேர்ந்து எந்த கெட்டில பாத்தாலும் டிசைன படிச்சிட்டு தான் கீழ வைப்பேன். நெட்ல தேடினா பெரும்பாலும் "கொக்கு - நீண்ட ஆயுள், டிராகன் - சக்தி"ன்னு ஒரு பட்டியல் வரும், எல்லாத்துக்கும் அமைதி வளம் மகிழ்ச்சின்னு போட்டிருப்பாங்க. அது தப்புன்னு சொல்லல, ஆனா அத வச்சு ஒரு கெட்டில படிக்க முடியாது. ஜப்பான்ல ஒரு படத்துக்குன்னு தனியா ஒரு அர்த்தம் கம்மி தான், அது எந்த பருவத்துல வருது, பக்கத்துல யாரு நிக்குறாங்க, எந்த ஊர்ல வார்த்தது, அந்த பேரோட சத்தம் வேற எத ஞாபகப்படுத்துது, இந்த நாலும் சேந்து தான் அர்த்தம். இந்த நாலையும் எப்படி பாக்குறதுன்னு தான் இங்க எழுதுறேன்.

முதல்ல கையில இருக்குறது என்னன்னு தெரிஞ்சுக்கணும். மூடிய தொறந்து உள்ள பாருங்க. உள்ள வெறும் இரும்பா, கருப்பு சாம்பல் கலர்ல இருந்தா அது டெட்சுபின், அடுப்புல வச்சு தண்ணி கொதிக்க வைக்குறதுக்கு. உள்ள கண்ணாடி மாதிரி வழவழன்னு எனாமல் பூசி, சல்லடையும் இருந்தா அது இரும்பு க்யூசு, டீ இலை போட்டு ஊற வைக்குற பாத்திரம், அத நேரா அடுப்புல வைக்க கூடாது. பச்சை நீலம் சிவப்புன்னு கலர் கலரா கடைல பாக்குறது பெரும்பாலும் இந்த ரெண்டாவது வகை. டிசைன் ரெண்டுலயும் ஒரே குடும்பம் தான், ஆனா டெட்சுபின்ல தண்ணி, நெருப்பு, ஆவி மூணும் அந்த படத்தோட சேந்து வேல செய்யும், அத கீழ சொல்றேன்.

அடுத்தது ஊர். இப்ப நாம பாக்குற இரும்பு கெட்டில்ல பெரும்பாலானது வடக்கு ஜப்பான்ல இருக்குற இவாத்தே மாகாணத்துலேர்ந்து வருது, பேரு நம்பு டெக்கி, நம்பு இரும்பு சாமான்னு அர்த்தம். இதுல ரெண்டு ஊர் இருக்கு. மோரியோகா, நம்பு பிரபுக்களோட தலைநகர், 17ஆம் நூற்றாண்டுல கியோட்டோலேர்ந்து வார்ப்பு கலைஞர்கள கூப்டு டீ சடங்குக்கு கெட்டில் செய்ய வச்சாங்க. இன்னொண்ணு மிசுசாவா, இப்ப ஓஷு நகரத்துல ஒரு பகுதி, அங்க வார்ப்பு தொழில் அதுக்கும் ரொம்ப முன்னாடிலேர்ந்து இருக்கு, அது இருந்தது தாத்தே பிரபுக்களோட நாட்டுல. 1975ல ஜப்பான் அரசாங்கம் நம்பு டெக்கிய பாரம்பரிய கைத்தொழில்னு அறிவிச்சுது. கியோட்டோ கெட்டில் வேற மாதிரி, மெழுகுல உருவம் செஞ்சு வார்க்குறது, மலையும் ஆறும் வீடும் மனுஷங்களுமா முழு காட்சியே புடைப்பா நிக்கும், சிலதுல தங்கம் வெள்ளி இழைச்சிருப்பாங்க, மூடி செம்புலயோ வெண்கலத்துலயோ இருக்கும். நம்பு கெட்டில் அடக்கமா இருக்கும், மூடியும் இரும்பு, டிசைன் தோல்லேர்ந்தே முளைச்ச மாதிரி லேசா எழும்பி நிக்கும். எனக்கு புடிச்சது நம்பு தான்.

ஊர் ஏன் முக்கியம்னா, ஒரு உதாரணம் சொல்றேன். ரெண்டு கொக்கு ஒண்ண ஒண்ணு பாத்து நிக்குற மாதிரி டிசைன். பட்டியல் பாத்தா நீண்ட ஆயுள், நல்ல தாம்பத்யம்னு இருக்கும், சரி தான். ஆனா நம்பு பிரபு குடும்பத்தோட சின்னமே எதிரெதிரா நிக்குற ரெண்டு கொக்கு தான், நெஞ்சுல ஒன்பது புள்ளி நட்சத்திரம் கூட இருக்கும். மோரியோகா கெட்டில்ல அது வந்தா ஆயுளோட சேத்து இது எங்க ஊருன்னு ஒரு முத்திரையும் அதுல இருக்கு. அதே மாதிரி மூங்கிலும் சிட்டுக்குருவியும் சேந்து வந்தா அது பொதுவா ஒரு அழகான ஜோடி, ஆனா தாத்தே குடும்ப சின்னமும் அதே மூங்கிலும் குருவியும் தான், அதனால மிசுசாவா பக்கத்து கெட்டில்ல அத பாக்கும்போது கொஞ்சம் நின்னு பாக்கணும்.

குதிரையும் அப்படி தான். ஓடுற குதிரைகள் இருக்குற கெட்டில் நம்புல நிறைய வரும், சக்தி வேகம்னு சும்மா போட்டது இல்ல அது. அந்த நாடே குதிரை வளர்த்து பேர் வாங்கின நாடு. இன்னைக்கும் ஜூன் மாசம் தக்கிசாவாலேர்ந்து மோரியோகா வரைக்கும் குதிரைகளுக்கு கலர் துணியும் மணியும் கட்டி ஊர்வலமா கூட்டிட்டு போவாங்க, சாகு சாகு உமாக்கோன்னு பேரு, சாகு சாகுங்குறது அந்த மணி சத்தம். வயல்ல உழைச்ச குதிரைக்கு நன்றி சொல்ற விழா, கேக்கும்போதே நமக்கு மாட்டுப் பொங்கல் ஞாபகம் வந்துடும்.

இப்ப பாக்குற முறை. கெட்டில் ஆறி, நல்லா காய்ஞ்சு இருக்கணும். ரூம் லைட்ட அணைச்சிட்டு செல்போன் டார்ச்ச கெட்டிலுக்கு பக்கவாட்டுல, கிட்டத்தட்ட உரசுற மாதிரி வச்சு அடிங்க. நேரா அடிச்சா கருப்பு இரும்புல ஒண்ணும் தெரியாது, பக்கவாட்டுல அடிச்சா ஒவ்வொரு கோடுக்கும் நிழல் விழும், இதழ் நுனி, கொக்கு கால், அலை வரி எல்லாம் எழுந்து வரும். இன்னும் தெளிவா வேணும்னா மெல்லிசு பேப்பர் ஒண்ண மேல வச்சு மெத்துன்னு இருக்குற பென்சில படுக்க வச்சு லேசா தேய்ங்க, சின்ன வயசுல காசு மேல பேப்பர் வச்சு தேய்ப்போமே அதே தான். அந்த பேப்பர்ல வர்றத பாத்து தான் நான் பல டிசைன கண்டுபுடிச்சிருக்கேன்.

பூ விஷயத்துல குழப்பம் வந்தா ஜப்பான் சில்லறை காசு கைவசம் இருந்தா போதும். 100 யென்ல சகுரா, 50 யென்ல சாமந்தி, 500 யென்ல கிரி, அதாவது பவுலோனியா. மூணுமே கெட்டில்ல அடிக்கடி வர்றது. சாமந்தி இதழ் நீளமா சக்கரம் மாதிரி சுத்தி வரும், 16 இதழ் சாமந்தின்னா அது சக்கரவர்த்தி குடும்ப சின்னம். கிரி பார்க்க கீழ மூணு பெரிய இலை, மேல மூணு பூக்கதிர் நிமிந்து நிக்கும், ஃபீனிக்ஸ் பறவை வந்து உக்காருற மரம்னு சீனாலேர்ந்து வந்த நம்பிக்கை, இப்ப அது ஜப்பான் அரசாங்கத்தோட முத்திரை. உமேக்கு மட்டும் காசு இல்ல, ஆனா விதி சுலபம், உருண்டை இதழ், நடுவுல முடி மாதிரி மகரந்தம் நீட்டிட்டு இருக்கும், பூ கிளையோட ஒட்டியே இருக்கும். சகுரா கிளைலேர்ந்து நீளமான காம்புல கொத்தா தொங்கும்.

இதோட ஒரு கட்டு ஹனாஃபுடா சீட்டு கிடைச்சா வாங்கி வச்சுக்கங்க, விளையாடாட்டியும் பரவால்ல. 48 சீட்டு, 12 மாசம், மாசத்துக்கு நாலு. வீடியோ கேம் செய்யுற நின்டெண்டோ கம்பெனியே 1889ல இந்த சீட்டு செஞ்சு தான் ஆரம்பிச்சுது. ஜனவரிக்கு பைன் மரமும் கொக்கும், பிப்ரவரிக்கு உமேயும் குயில் மாதிரி பாடுற உகுய்சு குருவியும், மார்ச்சுக்கு சகுரா, ஜூனுக்கு பியோனியும் பட்டாம்பூச்சியும், ஆகஸ்ட்டுக்கு நிலாவும் காட்டு வாத்தும், செப்டம்பருக்கு சாமந்தி, அக்டோபருக்கு மேப்பிளும் மானும், டிசம்பருக்கு கிரியும் ஃபீனிக்ஸும். கெட்டில்ல வர்ற ஜோடிகள்ல பாதி இந்த சீட்டுலயே இருக்கு, எது எந்த பருவம், யாருக்கு யாரு ஜோடின்னு மனசுல பதிஞ்சுடும்.

பருவம் தெரிஞ்சா தான் அடுத்தது புரியும். சகுரா மட்டும் இருக்குற கெட்டில வசந்தத்துல எடுப்பாங்க, மேப்பிள் இலை மட்டும்னா இலையுதிர் காலம். ஆனா ஒரே கெட்டில்ல சகுராவும் மேப்பிளும் சேந்து இருந்தா? ரெண்டும் ஒரே நேரத்துல இருக்கவே முடியாது, செஞ்சவருக்கு தெரியாமலா போட்டிருப்பாரு. அதுக்கு உன்கின்னு தனி பேரே இருக்கு, சகுராவ மேகமாவும் மேப்பிள பட்டு ஜரிகையாவும் பாக்குறது. எந்த மாசம் வேணா எடுத்து வைக்கலாம்ங்குறது தான் அந்த ஜோடியோட சௌகரியம். பக்கத்துல யாரு இருக்காங்கன்னு பாருங்கன்னு நான் சொல்றது இதுக்கு தான், தனித்தனியா படிச்சா உதிர்ற பூ, உதிர்ற இலைன்னு சோகமா வரும், சேத்து படிச்சா வருஷம் முழுக்கன்னு வரும்.

அதிகமா பாக்குற கூட்டணி பைன், மூங்கில், உமே மூணும், ஷோச்சிகுபாய்னு சொல்லுவாங்க. சீனால இத குளிர்காலத்தோட மூணு நண்பர்கள்னு படிச்சவங்க வரைஞ்சாங்க, கஷ்ட காலத்துலயும் குணம் மாறாதவங்கன்னு அர்த்தம். பைன் பனிலயும் பச்சையா இருக்கும், மூங்கில் வளையும் ஆனா ஒடியாது, உமே பனிலயே பூக்கும். ஜப்பானுக்கு வந்தப்புறம் அது கொஞ்சம் கொஞ்சமா கல்யாணம் புத்தாண்டு மாதிரி நல்ல காரியத்துக்கு உள்ள மங்கல சின்னமா மாறிடுச்சு. ஹோட்டல்ல மெனு கூட பைன் மூங்கில் உமேன்னு மூணு ரேட்டுல போடுவாங்க, பைன் தான் காஸ்ட்லி. கெட்டில்ல தேடும்போது மூணும் பூவா கிளையா வரஞ்சிருக்கும்னு எதிர்பாக்காதீங்க, உடம்புல பைன் கிளை, கைப்பிடி மூங்கில் கணு மாதிரி, மூடி குமிழ் உமே மொட்டுன்னு பிரிச்சு ஒளிச்சு வச்சிருப்பாங்க. ஒரு கெட்டில்ல அந்த மூணாவத கண்டுபுடிக்கும்போது வர்ற சந்தோஷம் இருக்கே, நானே அனுபவிச்சது.

பைன் பத்தி இன்னொண்ணு சொல்லியே ஆகணும், எனக்கு இதுல ரொம்ப புடிச்ச விஷயமே இது தான். இரும்பு கெட்டில்ல தண்ணி கொதி வர்றதுக்கு முன்னாடி ஸ்ஸ்ஸ்ஸ்னு மெலிசா ஒரு சத்தம் வரும்ல, டீ சடங்குல அதுக்கு பேரு மட்சுகாசே, பைன் மரத்துல வீசுற காத்து. அந்த சத்தம் நல்லா வரணும்னு டீ சடங்கு கெட்டிலோட அடில உள்பக்கமா சின்ன இரும்பு தகடுகள் ஒட்டுவாங்க. அப்ப பைன் மரம் போட்ட கெட்டில்ல தண்ணி கொதிச்சா வெளிய மரம், உள்ள அதோட காத்து. அடுப்புல வச்சு கேட்டா தான் அந்த டிசைன் முழுசாகுது, அலமாரில வச்சு பாத்தா பாதி தான்.

டிராகனும் அந்த மாதிரி. அங்க டிராகன் நெருப்பு கக்குறது இல்ல, அது தண்ணிக்கும் மழைக்கும் மேகத்துக்கும் சொந்தக்காரன். ஜென் கோயில்கள்ல பெரிய மண்டபத்து கூரைல டிராகன் வரைஞ்சிருப்பாங்க, தண்ணி தேவதை மேல இருந்தா கட்டடம் தீப்பிடிக்காதுன்னு ஒரு நம்பிக்கை. நெருப்பு மேல உக்காந்து தண்ணிய ஆவியா மாத்துற பாத்திரத்துக்கு அத விட பொருத்தமா என்ன போட முடியும், மூக்கு வழியா ஆவி வரும்போது மேகத்துக்குள்ள டிராகன் சுத்துற மாதிரியே இருக்கும். விரல எண்ணுங்க, ஜப்பான் டிராகனுக்கு வழக்கமா மூணு விரல் நகம்.

கெண்டை மீன் தண்ணிய எதுத்து மேல ஏறுற மாதிரி இருந்தா அது டிராகனுக்கு முந்தின கட்டம். மஞ்சள் ஆத்துல டிராகன் வாசல்னு ஒரு அருவி, அத ஏறி தாண்டின கெண்டை டிராகனா மாறிடும்னு சீனக் கதை, அதனால தான் மே 5ஆம் தேதி புள்ளைங்களுக்காக வீட்டு மேல கெண்டை மீன் கொடி கட்டுவாங்க. எதிர்நீச்சல்ங்குற வார்த்தைய கேட்டு வளந்த நமக்கு இத தனியா விளக்க வேண்டாம்.

தும்பிக்கு வருவோம். கெட்டில் மூக்குகிட்ட குட்டியா ஒரு தும்பி இருந்தா நாம மழை, வயல், சின்ன வயசுன்னு தான் நினைப்போம். அங்க அது போர்வீரனோட பூச்சி, பழைய பேரு காச்சிமுஷி, ஜெயிக்குற பூச்சி. முன்னாடி தான் பறக்கும், பின்வாங்காதுன்னு சாமுராய்ங்க தலைக்கவசத்துலயும் அம்பு கூட்டுலயும் போட்டாங்க. இதுக்கு பின்னாடி இன்னும் பழைய கதை இருக்கு, யூர்யாகு சக்கரவர்த்தி யோஷினோ பக்கம் வேட்டைக்கு போனப்ப அவர் கைல ஒரு குதிரை ஈ கடிச்சுதாம், உடனே ஒரு தும்பி பறந்து வந்து அந்த ஈய புடிச்சு தின்னுட்டு போச்சாம். ஜப்பானுக்கே அகிட்சுஷிமா, தும்பித் தீவுன்னு ஒரு பழைய பேரு உண்டு. பரீட்சை எழுதுற புள்ளைக்கோ புதுசா கடை போடுறவங்களுக்கோ தும்பி போட்ட கெட்டில் குடுத்தா அதுல அவ்ளோ சேதி இருக்கு.

கொக்கும் ஆமையும் சேந்து வந்தா, கொக்குக்கு ஆயிரம் வருஷம் ஆமைக்கு பத்தாயிரம் வருஷம்னு ஒரு பழமொழி, அது எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆனா ஆமைய கிட்ட வச்சு பாருங்க, பின்னாடி நீளமா முடி மாதிரி ஒரு வால் தொங்குதா? அது மினோகாமே. ஆமை ரொம்ப ரொம்ப வருஷம் வாழ்ந்து வாழ்ந்து முதுகுல பாசி வளந்து, நீந்தும்போது அது வைக்கோல் மழைக்கோட்டு மாதிரி பின்னாடி இழுத்துட்டு போகுது. பேப்பர் வச்சு தேய்ச்சா அந்த பாசி கோடு ஒவ்வொண்ணா வரும்.

சிலது மட்டும் காதால படிக்கணும், நம்ம சிலேடை மாதிரி. வௌவால் நமக்கு அவ்ளோ நல்ல சகுனம் இல்ல, ஆனா சீன எழுத்துல வௌவாலுக்கும் பாக்கியத்துக்கும் ஒரே சத்தம், அதனால வௌவால் பறந்தா வீட்டுக்கு பாக்கியம் பறந்து வருது. ஆந்தை ஃபுக்குரோ, அதையே பிரிச்சா கஷ்டமில்லாமன்னு வரும். தவளை கயெரு, திரும்பி வர்றதுக்கும் கயெரு தான், வெளியூர் போறவங்களுக்கு பத்திரமா திரும்பி வாங்கன்னு சொல்ற பரிசு. சுரைக்காய் இருந்தா எத்தனைன்னு கட்டாயம் எண்ணுங்க. ஆறு சுரைக்காய்னா முப்யோ, நோயில்லாமங்குற வார்த்தையும் அதே சத்தம், உடம்பு சரியில்லாதவங்களுக்கு அது தான் குடுக்கணும். ஒத்தையா நின்னா வேற, 16ஆம் நூற்றாண்டு தளபதி டோயோட்டோமி ஹிதேயோஷியோட போர்க்கொடி அடையாளமே சுரைக்காய் தான், ஜெயிச்ச ஞாபகம் அதுல இருக்கு.

படமே இல்லாம சுத்தியும் கோலம் மாதிரி ஒரே வடிவம் திரும்ப திரும்ப வந்தா அதுக்கும் பேரு உண்டு. பாதி வட்டம் மீன் செதில் மாதிரி அடுக்கினா செய்காய்ஹா, அமைதியான கடல் அலை, இப்படியே முடிவில்லாம நிம்மதி போகட்டும்னு. பழைய அரசவை நடனம் ஒண்ணோட பேரு தான் அது. அறுகோணம்னா கிக்கோ, ஆமை ஓடு. ஆறு முனை நட்சத்திரத்த பிரிச்ச மாதிரி இருந்தா அசனோஹா, நார் எடுக்குற ஹெம்ப் செடியோட இலை, அது நேரா வேகமா வளரும், அதனால பொறந்த குழந்தை சட்டைல இந்த டிசைன் போடுவாங்க.

புள்ளி புள்ளியா முள்ளு மாதிரி இருக்குற அந்த பிரபலமான டிசைன் தான் அராரே, ஆலங்கட்டி. இதுக்கு ஆழமான அர்த்தம் சொல்லி விக்குறாங்க, என்ன கேட்டா இத அர்த்தத்தால படிக்காம கையால படிக்கணும். கெட்டில் வார்க்குற அச்சு நைசு மணலும் களிமண் தண்ணியும் கலந்து செய்யுறது, அது ஈரமா இருக்கும்போதே உள்பக்கமா ஒரு குச்சி முனைய வச்சு ஒவ்வொரு புள்ளியா அழுத்துவாங்க, அச்சுல குழி, இரும்புல புடைப்பு. ஆயிரக்கணக்கான புள்ளி, வரிசை தப்பக்கூடாது, அச்சு காஞ்சுடவும் கூடாது. மூடிகிட்ட புள்ளி பொடியா ஆரம்பிச்சு இடுப்புகிட்ட வரவர பெருசாகும், ஏன்னா சுத்தளவு பெருசாகும்போது அதே எண்ணிக்கை புள்ளிய வச்சு இடத்த நிரப்பணும். விரல மேலேர்ந்து கீழ ஓட்டிப் பாருங்க, அந்த வளர்ச்சி விரலுக்கே தெரியும். டார்ச் வெளிச்சத்துல வரிசைகள் மூக்கு இருக்குற இடத்துல எப்படி வளைஞ்சு போகுதுன்னு பாத்தா அந்த கை எவ்ளோ பழகின கைன்னு புரியும். எழுத்தோ காட்சியோ இருந்தாலும் அச்சுல இடவலம் மாத்தி தான் வரையணும், கண்ணாடில பாத்து எழுதுற மாதிரி.

உடம்பு பாத்து முடிச்சதும் ஓரங்கள மறந்துடாதீங்க. மூடி குமிழ் பைன் காயா, உமே மொட்டா, சாமந்தியா பாருங்க. வெங்காயம் மாதிரி உருண்டு நுனி கூரா இருந்தா அது ஹோஜு, பௌத்தத்தோட போன சிந்தாமணி தான், நினைச்சத குடுக்குற மணி. பொக்கிஷங்கள் டிசைன்ல ஒரு சின்ன சுத்தியல் வரும், அது டைக்கோக்குவோட சுத்தியல், அந்த டைக்கோக்கு நம்ம பக்கத்து மகாகாலன் தான், அங்க போய் அரிசி மூட்டை மேல சிரிச்சிட்டு நிக்குறாரு. கைப்பிடி மாட்டுற காதுல அரக்கன் முகம் இருந்தா அது காவலுக்கு. கெட்டிலோட வடிவமே கூட டிசைன் தான், தோள் குறுகி அடி விரிஞ்சு இருந்தா ஃபுஜி வடிவம், புத்தாண்டு முதல் கனவுல ஃபுஜி மலை வந்தா அத விட நல்லது இல்லம்பாங்க, அடுத்து பருந்து, அடுத்து கத்திரிக்காய். மோரியோகாகாரங்களுக்கு அதுலயும் சொந்த மலை ஒண்ணு, 2038 மீட்டர் இவாத்தே மலை, ஒரு பக்கம் மட்டும் ஃபுஜி மாதிரி சரியுறதால நம்புவோட ஒத்தப்பக்க ஃபுஜின்னு கூப்புடுவாங்க. டிசைனே இல்லாம வெறும் மணல் தோலா இருந்தா அதுவும் வேணும்னே விட்டது, அத குறைன்னு நினைச்சு ஒதுக்காதீங்க.

பரிசா குடுக்கணும்னா முதல்ல சொன்ன பருவம், ஜோடி, ஊர், சத்தம் நாலையும் ஓட்டிப் பாருங்க. கல்யாணத்துக்கு கொக்கு ஜோடி, ஷோச்சிகுபாய். படிக்குற புள்ளைக்கு கெண்டை, இல்லன்னா உமே, ஏன்னா படிப்புக்கு தெய்வமா கும்புடுற சுகவாரா நோ மிச்சிசானேக்கு உயிரே உமே தான், 901ல அவர தசாய்ஃபுக்கு நாடு கடத்தினப்ப அவர் வீட்டு உமே மரம் பின்னாடியே பறந்து போச்சுன்னு கதை. பொறந்த குழந்தை வீட்டுக்கு அசனோஹா, ரிட்டயர் ஆகுறவங்களுக்கு மினோகாமே. கமேலியா பூ போட்டது ரொம்ப அழகு தான், ஆனா அந்த பூ இதழ் இதழா உதிராம தலையோட மொத்தமா விழும், அதனால உடம்பு முடியாதவங்களுக்கு மட்டும் குடுக்காதீங்க.

கடைசியா, டிசைன் தெளிவா நிக்கணும்னா கெட்டில கெடுக்காம வச்சுக்கணும். வார்த்து முடிச்சதும் கெட்டில 800 டிகிரிக்கு மேல கரி நெருப்புல சுட்டு துரு புடிக்காம இருக்க ஒரு படலம் வர வைப்பாங்க, அதுக்கு மேல அரக்கு மாதிரி உருஷி பூச்சு, அதுக்கும் மேல இரும்பும் டீ சாறும் கலந்த கருப்பு தண்ணி. அந்த காலத்துல பொம்பளைங்க பல்ல கருப்பாக்க இரும்பு ஊறின தண்ணி பூசுவாங்க, பேரு ஓஹாகுரோ, இதுக்கும் அதே பேரு தான். இந்த மூணு தோலுக்கு மேல தான் உங்க கொக்கும் அலையும் நிக்குது, அதனால சோப்பு வேண்டாம், நார் போட்டு தேய்க்கவே கூடாது. தண்ணிய முழுசா ஊத்திட்டு மூடிய தொறந்து வச்சுடுங்க, அந்த சூட்டுலயே உள்ள காஞ்சுடும். வெளிப்பக்கம், கெட்டில் சூடா இருக்கும்போதே, குடிச்சு மிச்சம் இருக்குற டீல ஒரு பருத்தி துணிய நனைச்சு இறுக்கி புழிஞ்சு மெதுவா ஒத்தி ஒத்தி துடைங்க. அராரே புள்ளிகளுக்கு நடுவுல தான் ஈரம் தங்கும், அங்க துணி நுனிய விட்டு எடுங்க. புடைச்ச இடம் கொஞ்சம் கொஞ்சமா மினுக்க ஆரம்பிக்கும், குழி கருப்பாவே இருக்கும். என் கெட்டில்ல இப்ப டார்ச்சே வேண்டாம், அஞ்சு உமே பூவும் மூணு மொட்டும் சமையல்கட்டு வெளிச்சத்துலயே தெரியுது.